கறுப்பு நூல் இறுகிய கால்: 16 மாதப் பிள்ளை ஒன்றின் கடும் மந்தபோசணை, ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதுவதற்கு முன்

யாழ்ப்பாண மாவட்டத்தின் கரையோரப் பிரிவொன்றில் நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். ஊரில் மிஸ் என்பார்கள், வயது போனவர்கள் இன்னும் மருத்துவிச்சி என்றுதான் சொல்வார்கள். 2022 ஆம் ஆண்டுக் கடைசியில் என் பகுதிக்குள் நடந்ததைத் தாயிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு எழுதுகிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். இதில் பிழை விட்ட ஆட்களில் முதல் ஆள் நான்தான், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வீடு

பெண்பிள்ளை, 2021 ஜூலையில் பிறந்தவள், பிறப்பு எடை 2.6 கிலோ. அவளுக்கு மேல் 4 வயது அண்ணன். தகப்பன் வேறொருவரின் படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. அம்மம்மாவும் அதே வளவில்தான். வறுமை என்று சொல்லலாம், ஆனால் பட்டினி கிடந்த வீடு இல்லை. கரையில் இருப்பவர்களுக்குச் சட்டிக்கு மீன் கிடைத்துவிடும்.

2022 ஓகஸ்ட் வரைக்கும்தான் அது. அந்த மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை, கடலுக்குப் போய்வரும் செலவே பிடிபடும் மீனை விட அதிகம் என்றானபோது படகுகளைக் கரையில் இழுத்துவிட்டார்கள். தகப்பன் கொழும்புப் பக்கம் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனார். அதே மாதக் கடைசியில் தாய் தான் மறுபடியும் கர்ப்பம் என்று அறிந்தார். பெண்பிள்ளைக்கு அப்போது 13 மாதம்.

தாய் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு தவணை வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. பெற்றோல் இல்லாத காலம் என்று அதற்கு ஒரு காரணம் சொல்லலாம், சைக்கிள் இருந்தது.

கொப்பியில் இருந்த கோடு

கிளினிக் கொப்பியில் எடை இப்படிப் போகிறது: ஜூலையில் 7.4 கிலோ, ஓகஸ்டில் 7.3, செப்டெம்பரில் 7.1, ஒக்டோபரில் 6.8. செப்டெம்பரில் கோடு வயதுக்கு எடை குறைவு என்று காட்டும் செம்மஞ்சள் பகுதிக்குள் இறங்கிவிட்டது, ஒக்டோபரில் சிவப்புக்குக் கிட்ட. ஒவ்வொரு முறையும் நான் செய்தது ஒன்றுதான்: சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தேன், இருந்தால் திரிபோஷா என்ற அரசாங்கச் சத்துமா கொடுத்தேன். அந்த ஆண்டு சோளமும் பால்மாவும் இல்லாமல் திரிபோஷா வராத மாதங்களும் இருந்தன.

நவம்பர் கிளினிக்கில் 7.1 கிலோ. 300 கிராம் கூட. கோடு மூன்று மாதத்துக்குப் பிறகு மேலே திரும்பியிருந்தது. "பாத்தியளே தங்கச்சி, கவனிச்சால் கூடும்" என்று நான் தாயிடம் சொன்னது எனக்கு வடிவாக ஞாபகம் இருக்கிறது. தாயும் சிரித்தார். பிள்ளையின் முகம் கொஞ்சம் உருண்டிருந்தது. அன்று எண்பது பிள்ளைக்கு மேல், வெளியே மழை, தராசிலிருந்து இறக்கி அடுத்த பிள்ளையை ஏற்றினேன். பிள்ளைக்குக் காலுறை போட்டிருந்தது.

அந்த வயதில் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையே மாதத்துக்கு 200 கிராம் அளவுதான் கூடும். மூன்று மாதமாக இறங்கிக்கொண்டிருந்த பிள்ளை, வீட்டில் எதுவும் மாறாமலே, 300 கிராம் கூடினால் அந்த எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

12 நாள் கழித்து வீட்டில் கண்டது

நான் போனது பிள்ளையைப் பார்க்க அல்ல, கர்ப்பமாக இருந்த தாயைப் பார்க்க. பாய் ஒன்றில் பிள்ளை இருந்தாள். புது ஆளைக் கண்டால் இந்த வயதுப் பிள்ளை ஒன்றில் அழும், அல்லது தாயிடம் ஓடும். இவள் இரண்டும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான். தலைமயிர் ஐதாகிச் செம்பட்டை அடித்திருந்தது, தொடை இடுக்கில் தோல் உரிந்திருந்தது.

இடது கணுக்காலில் ஒரு கறுப்பு நூல். பார்வை பார்த்து, அதாவது மந்திரித்து, மூன்று கிழமைக்கு முன் கட்டுவித்தது என்றார் அம்மம்மா. "இது சவலை பிள்ளை. தாய் வயித்தில அடுத்தது தங்கினால் மடியில கிடக்கிறது வாடும். நூல் கட்டினால் மாறும், இப்ப பாரும், கொஞ்சம் கொழுத்தும் இருக்கிறாள்."

நூல் கட்டும்போது ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டியதாம். இப்போது அது சதைக்குள் புதைந்து, மேலேயும் கீழேயும் தோல் பிதுங்கி, நூல் இருக்கிற இடமே ஒரு பள்ளக் கோடாகத் தெரிந்தது. பாதத்தின் மேல் பெருவிரலால் அமர்த்தி மூன்று எண்ணினேன். எடுத்தபோது குழி அப்படியே நின்றது. மற்றக் காலிலும் அதே குழி. முழங்காலுக்குக் கீழே வரை, புறங்கையிலும் கொஞ்சம்.

கிளினிக்கில் நான் சந்தோஷப்பட்ட 300 கிராமும் நீர். அது மட்டுமில்லை, அந்த நீர் சதை கரைந்த இடத்தையும் மூடி மறைத்திருந்தது. புயச் சுற்றளவு நாடா 11.2 சென்றிமீற்றர் காட்டியது, 11.5 க்குக் கீழே என்றாலே கடும் மந்தபோசணை, அதாவது கடும் போசாக்குக் குறைபாடு. இத்தனைக்கும் நாடா எப்போதும் என் பைக்குள்தான் கிடந்தது.

அம்மம்மா சொன்ன சவலை என்ற சொல்லை நான் அன்றைக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் எடுத்தேன். பிறகு யோசித்தால், 1930களில் இன்றைய கானாவில் வேலை செய்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் இந்த வீக்க நோய்க்கு அந்த ஊரில் பேசும் கா என்ற மொழியிலிருந்தே குவாசியோர்கர் என்ற பெயரை எடுத்தார், அடுத்த பிள்ளை வரும்போது முதல் பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். எங்கள் ஆச்சிமார் கண்டுவைத்ததும் அதைத்தான். நூல் மாற்றாது, ஆனால் நோயை முதலில் அறிந்தது அம்மம்மா, நான் இல்லை.

அன்றைக்கே அனுப்பிய காரணம்

எடை என்னவாக இருந்தாலும் போசாக்குக் குறைந்த பிள்ளைக்கு இரண்டு காலிலும் குழி விழுகிற வீக்கம் என்றால் அது கடும் மந்தபோசணை, அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்கிற விஷயம் இல்லை. அதோடு இரண்டு நாளாக வயிற்றோட்டம். கையில் இருந்த திரிபோஷாவைக் கொஞ்சம் குழைத்து ஊட்டிப் பார்த்தேன், ஒரு வாய்க்குப் பிறகு முகத்தைத் திருப்பிவிட்டாள். பசி இருந்திருந்தால் வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்வதைப் பற்றி வைத்திய அதிகாரியிடம் கேட்டிருக்கலாம். பசி இல்லை, வயிற்றோட்டம் இருக்கிறது, வீக்கம் கைக்கும் வந்துவிட்டது, வார்டைத் தவிர வேறு வழி இல்லை.

சொல்வது சுகம். தகப்பன் கொழும்பில், தாய் ஐந்து மாதம், மூத்தவனை ஆர் பார்ப்பது? அரை மணித்தியாலம் இதற்கே போனது. கடைசியில் அம்மம்மா மூத்தவனோடு நிற்பதென்றும், சின்னம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வார்டில் தாயை மாற்றுவதென்றும் முடிவாகி, பக்கத்து வீட்டு ஓட்டோவில், அளந்து தந்த பெற்றோல் கோட்டாவில் மிஞ்சியிருந்ததைக் கொண்டு போனோம். ஏறுவதற்கு முன் நூலை வெட்டினேன். கத்தரிக்கோலின் நுனி போக இடமில்லாமல் ஊசியால் கிளப்பித்தான் வெட்ட முடிந்தது. அம்மம்மா வெட்டிய நூலை எறிய விடவில்லை, வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

வார்டில்

இரண்டு கால் வீக்கம் என்றால் முதலில் எவருக்கும் சிறுநீரகம்தான் நினைவுக்கு வரும், அங்கேயும் அப்படித்தான். சிறுநீரில் புரதம் போகிறதா என்று உடனே பார்த்தார்கள், இல்லை. இரத்தத்தில் அல்புமின் குறைவு, ஹீமோகுளோபின் 7.8, சிறுநீர் வளர்ப்புச் சோதனையில் கிருமித்தொற்று. காசத்துக்கான சோதனைகளில் ஒன்றுமில்லை. நீளம் 73 சென்றிமீற்றர், எடை 7.2 கிலோ.

அங்கே எடுத்த முடிவுகளில் சில, வெளியிலிருந்து பார்க்கிற ஆளுக்குத் தலைகீழாகத் தெரியும். தாயும் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார், அதனால் எழுதுகிறேன்.

வீக்கத்துக்கு நீர் இறக்கும் மருந்து கொடுக்கவில்லை. இந்த வீக்கம் பொட்டாசியம் போன்ற உப்புகள் நிலைகுலைந்து நீர் இருக்கக் கூடாத இடத்தில் தேங்குவது, மருந்து கொடுத்து இறக்கினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. இரத்த ஓட்டம் குலைகிற அதிர்ச்சி நிலை இல்லாததால் சேலைனும் ஏற்றவில்லை, இளைத்த இதயம் அதைத் தாங்காது. இரத்தம் குறைவு என்று தெரிந்தும் முதல் கட்டத்தில் இரும்புச்சத்து கொடுக்கவில்லை, தொற்று இருக்கும்போது அது கெடுதலாக முடியலாம், எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் கொடுத்தார்கள். காய்ச்சல் இல்லாமலே நுண்ணுயிர்கொல்லி தொடங்கினார்கள், ஏனென்றால் இந்த நிலையில் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதற்கே சக்தி இல்லை.

முக்கியமானது, பிள்ளைக்கு நிறையச் சாப்பாடு கொடுக்கவில்லை. ஆடை நீக்கிய பால்மா, சீனி, எண்ணெய், கனியுப்புக் கலவை சேர்த்த எஃப்-75 என்ற பால், 100 மில்லிலீற்றரில் 75 கிலோகலோரி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 80 மில்லிலீற்றர், இரவும் பகலும், கோப்பையாலும் கரண்டியாலும். பட்டினியில் சுருங்கிய உடம்புக்குள் ஒரேயடியாகச் சாப்பாட்டைக் கொட்டினால் இரத்தத்தின் உப்புகள் குலைந்து இதயம் நின்றுவிடலாம். இடைவெளி நீண்டால் இரத்தச் சீனி இறங்கிவிடும். அதனால் இரவு 2 மணிப் பால்தான் எல்லாவற்றிலும் பெரிய மருந்து. முதல் இரவு தாய் அசதியில் தூங்கிப்போனார், தாதி தட்டி எழுப்பினார். அடுத்த நாளிலிருந்து ஃபோனில் அலாரம்.

மூன்றாம் நாள் ஊசி போட்டபோது பிள்ளை வீறிட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் பாவம் என்றார்கள். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

ஆறாம் நாள் பார்வை நேரத்துக்கு அம்மம்மா வந்தார். எடை 6.6. கன்னம் வற்றி, விலா எலும்பு எண்ணலாம். "வரேக்க எவ்வளவு வடிவா இருந்தவள். இஞ்ச கொண்டுவந்து பிள்ளையை உருக்கிப் போட்டியள். நான் வீட்ட கொண்டு போறன்." வார்டே திரும்பிப் பார்த்தது. டொக்டர் விளக்கினார், நான் விளக்கினேன், ஏறாது. எடை கூடினது நோய், குறைந்தது சுகம் என்று ஒரு ஆச்சிக்கு எப்படிச் சொல்வது? இரண்டு கிழமைக்கு முன் எனக்கே அது விளங்கவில்லையே.

"அம்மா, அந்த நூல் எங்க?"

தலைப்பை அவிழ்த்து எடுத்தார். அதே கணுக்காலில், அதே இடத்தில் சுற்றச் சொன்னேன். வெட்டிய இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரு விரல் அகலத்துக்கு மிஞ்சி நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அது சதை இல்லையோ" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோகிற கதை அதோடு நின்றது.

ஏழாம் நாள் 6.4 கிலோ, அதுதான் அடி எடை. அவளுடைய உண்மையான எடை அதுதான், அந்த நீளத்துக்குக் கடும் மெலிவின் எல்லையான -3 கோட்டுக்கும் கீழே. வீக்கம் வடிந்து பசி திரும்பியதும் பாலைப் படிப்படியாகச் சக்தி கூடிய எஃப்-100 க்கு மாற்றி, பிறகு பிபி-100 என்ற சிகிச்சை உணவு தொடங்கினார்கள். 18 ஆம் நாள் 6.95 கிலோவோடு வீடு. அந்த 11 நாளில் ஒரு கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம் ஏறியிருக்கிறது. 10 க்கு மேல் என்றால் நல்ல ஏற்றம், 5 க்குக் கீழ் என்றால் எதையோ தவறவிட்டிருக்கிறோம், இது நடுவில்.

எப்படி இந்த நிலைக்கு வந்தது

பிள்ளை வார்டில் இருந்தபோது நான் அந்த வீட்டில் ஒரு காலை முழுக்க இருந்தேன். என்ன கொடுக்கிறீர்கள் என்று கிளினிக்கில் கேட்டால் "எல்லாம் குடுக்கிறனாங்கள் மிஸ்" என்று வரும். அடுப்படியில் இருந்து நேற்று, முந்தாநாள் என்று மணிவாரியாகக் கேட்டபோது வேறு கதை வந்தது.

காலையில் பிளேன்ரீயில் தோய்த்த இரண்டு பிஸ்கட். பத்து மணிக்குக் கஞ்சித் தண்ணி. மத்தியானம் சோற்றைச் சொதியில் கரைத்து, உறைப்பென்று வடித்த தண்ணிப் பதம். பின்னேரம் சூப்பிப் போத்தலில் மறுபடி பிளேன்ரீ. இரவு ஒரு தேக்கரண்டி பால்மாவைப் போத்தல் நிறைய நீரில் கரைத்து, சீனி கூட. வயிறு எந்நேரமும் நிறைந்திருக்கும், அதனால் அழுகை இல்லை, அதனால் பிரச்சினை இருப்பதாக எவருக்கும் தெரியவில்லை. தண்ணியும் சீனியும் மாவும்தான், புரதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, எண்ணெய் ஒரு துளி இல்லை.

தாய்ப்பால் 13 மாதத்தில் ஒரே நாளில் நின்றது. வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்று அயலில் சொன்னார்களாம், முலைக்காம்பில் வேப்பெண்ணெய் தடவி நிறுத்தியிருக்கிறார். சாதாரண கர்ப்பத்தில் தாய்ப்பால் கொடுப்பதைத் தொடரலாம், தாய் தன் சாப்பாட்டைக் கூட்டிக்கொண்டால் போதும். அதை அவருக்குச் சொல்ல வேண்டிய ஆள் நான்.

மீன்? தகப்பன் போன பிறகு சட்டிக்கு மீன் வருவது குறைந்தது, வந்தாலும் பிள்ளைக்குக் கிரந்தி, தோலில் சிரங்கு போடும் என்று கொடுக்கவில்லை. முட்டை சூடு. வயிற்றோட்டம் மூன்று மாதத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கஞ்சித் தண்ணியோடு நிறுத்திவைத்தல். கிணறு மலகூடக் குழிக்கு மிகக் கிட்ட இருக்கிறது, எங்கள் நிலம் சுண்ணக்கல், வெடிப்பு வழியே எது எங்கே ஊறும் என்று சொல்ல முடியாது.

திரிபோஷா கணக்கும் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு மாதம் 750 கிராம் பை இரண்டு, நாளொன்றுக்கு 50 கிராம் வரும். வந்த மாதங்களில் அது பெரியவர் சின்னவர் எல்லாருக்குமாக உருண்டை பிடிக்கப்பட்டு ஒரு கிழமையில் முடிந்திருக்கிறது. அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசிக்கிற நாலு வயதுப் பையனுக்கு முன்னால் தங்கைக்கு மட்டும் உருண்டை கொடுக்கச் சொல்வது எந்த அம்மம்மாவால் முடியும்?

வீடு திரும்பிய பிறகு

அதே கதை பிபி-100 இலும் வந்தது. அது பார்ப்பதற்குப் பிஸ்கட், வாசனையும் பிஸ்கட். ஒரு பொதியில் இரண்டு துண்டு, ஏறத்தாழ 300 கிலோகலோரி, அவளுக்கு நாளொன்றுக்கு நாலு பொதி, கொதித்தாறிய நீரோடு. முதல் இரண்டு கிழமையில் ஏறியது 60 கிராம்தான். மூத்தவனைக் கேட்டேன், நல்ல ருசி என்றான்.

அப்புறம்தான் மூத்தவனின் எடையையும் எடுத்து, அவனுக்கும் திரிபோஷா எழுதினேன், தங்கையின் பையைத் தொடத் தேவையில்லாமல் இருக்க. வெற்றுப் பொதி உறைகளை ஒரு டின்னில் சேர்த்துவைக்கச் சொல்லி, போகும்போதெல்லாம் எண்ணினேன். டின்னைக் காவல்காத்தது மூத்தவன். ஒரு நாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தபோது கோழி கொத்திக்கொண்டு போனது என்று அவனே வாக்குமூலம் தந்தான்.

சாப்பாட்டைப் பற்றி அம்மம்மாவோடு வாதாடவில்லை. கிரந்தி இல்லாத மீன் எது என்று கேட்டேன். ஒரு பட்டியலே சொன்னார்: ஒட்டி, ஓரா, விளைமீன். சரி, அவற்றில் எது கிடைத்தாலும் முதல் துண்டு பிள்ளைக்கு என்று பேச்சு. மீன் இல்லாத நாளுக்கு நெத்தலிக் கருவாட்டை நன்றாகக் கழுவி உப்பிறக்கி, வறுத்து இடித்த தூள். சோறும் பயறும் முருங்கையிலையும் மசித்து ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். பதம் பார்க்க ஒரே வழி, கரண்டியைச் சரித்தால் ஒழுகக் கூடாது. முதல் நாள் அம்மம்மா செய்தது ஒழுகியது, இரண்டாம் நாளும் ஒழுகியது, மூன்றாம் நாள் கரண்டியைக் கவிழ்த்தே காட்டினார். சூப்பிப் போத்தலை மட்டும் நான் கேட்டு வாங்கி எடுத்து வந்துவிட்டேன்.

ஊர் மாதர் சங்கம் மூன்று ஊர்க்கோழி கொடுத்தது. உதவித்தொகைக்குக் கொடுத்த கடிதத்துக்கு நீண்ட நாள் பதில் இல்லை, கோழி அதற்கு முன் முட்டையிடத் தொடங்கிவிட்டது.

2023 ஜனவரிக் கடைசியில் 8.0 கிலோ, புயச் சுற்றளவு 12.6, வீக்கம் திரும்பவில்லை. பிபி-100 ஐ நிறுத்தித் திரிபோஷாவுக்கு மாற்றினோம்.

இப்போது வேறுவிதமாகச் செய்வது

எடை குறைந்த எந்தப் பிள்ளைக்கும் காலுறையைக் கழற்றி இரண்டு பாதத்தையும் அமர்த்திப் பார்க்கிறேன். பத்து வினாடிகூட எடுக்காது. இறங்கிக்கொண்டிருந்த கோடு திடீரென்று ஏறினால் கூடுதலாகப் பார்க்கிறேன். புய நாடா பையிலிருந்து கழுத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. இந்தத் தாயின் கர்ப்பத்தை செப்டெம்பரில் பதிந்தவள் நான். அதே கிழமை மடியில் இருந்த பிள்ளையின் எடையைச் செம்மஞ்சளில் குறித்தவளும் நான். இரண்டு பதிவும் ஒரே பைக்குள் இரண்டு வேறு கொப்பியில் கிடந்தன, ஒன்றை மற்றதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது ஒரு கர்ப்பத்தைப் பதியும்போது வீட்டில் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அதன் கொப்பியை அங்கேயே எடுக்கச் சொல்கிறேன், தாய்ப்பாலைப் பற்றி அன்றைக்கே கதைக்கிறேன், அந்தக் கொப்பியின் அட்டையில் பென்சிலால் ஒரு ச போடுகிறேன். சவலைக்கு ச. மேலதிகாரி ஒருமுறை இது என்ன குறி என்று கேட்டார், சொன்னேன், இருக்கட்டும் என்றார்.

பிள்ளை, இதை எழுதும் 2023 இல்

தம்பி 2023 மார்ச்சில் 2.7 கிலோவோடு பிறந்தான். தகப்பன் திரும்பி வந்து மறுபடி படகுக்குப் போகிறார். பெண்பிள்ளைக்கு ஜூலையில் 24 மாதம் முடிந்தது: எடை 9.3 கிலோ, பச்சைப் பகுதியின் விளிம்பைத் தொட்டிருக்கிறது. நீளம் 79 சென்றிமீற்றர், அது இன்னும் செம்மஞ்சளில்தான். எடை திரும்பிய வேகத்தில் உயரம் திரும்பாது, அது அந்த வீட்டுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. தம்பியின் ஊட்டல் முடிந்ததும் அவளும் மடிக்கு வந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போகிறாளாம், தாய் சிரித்துக்கொண்டு சொன்னார். அடுத்த அளவு ஒக்டோபரில்.